ஜோஷ்வா பெயரில் இருந்த வண்டி

அந்த வண்டி கைமாறிய ஞாயிற்றுக்கிழமை காலை ஜோஷ்வா வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: துளசிராமன் ஆகிய நான், என் தம்பி தணிகைவேல், அவன் மகள் இளமதி, வண்டியை விற்ற ஜோஷ்வா, அவன் தாய் மேரி, அவன் மனைவி மெர்சி. வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாக இப்போது சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். வேலிக்கு அப்பால் யாரும் நிற்கவில்லை.

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே எங்களுக்கு நெல் நிலம் உண்டு. எங்கள் அப்பா காலத்தில் ஜோஷ்வாவின் பாட்டன் அதில் ஏர் ஓட்டினார். மேரி நாற்று நட்டிருக்கிறாள். இப்போது அவர்கள் வீட்டில் யாரும் வயலில் இறங்குவதில்லை. ஜோஷ்வா தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறான். இளமதி அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறாள். வண்டி நிறுத்தும் இடத்தில்தான் அவள் அதைப் பார்த்தாள்.

கவாசாகி நிஞ்சா பைக், இருநூற்றைம்பது சிசி, பச்சை நிறம். புதிதாக வந்த காலத்தில் எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. ஜோஷ்வா அதற்கு மூன்றாவது சொந்தக்காரன். மெர்சி அப்போதுதான் கர்ப்பமாகியிருந்தாள். அந்தப் பின் சீட்டில் அவள் ஏற முடியாது, ஏறினாலும் உட்கார முடியாது. அவனுக்கு ஒரு ஸ்கூட்டர் தேவைப்பட்டது. விற்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இளமதி முன்கூட்டிச் சொல்லாமல் எங்களை அழைத்துப்போனாள். சொல்லிவிட்டுப் போனால் விற்பவன் இஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவானாம். ஆறிய வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்த்தால்தான் அதன் உடம்பு தெரியுமாம். நாங்கள் போனபோது அவர்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் அவள் போய் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“நம்பிக்கை இல்லையா மேடம்?” என்றான் ஜோஷ்வா. “ராத்திரியெல்லாம் தூங்கிக்கினு கீது. நான்கூட அவ்ளோ தூங்கல.”

“இவுரு எங்க தூங்குறாரு,” என்றாள் மெர்சி. “பாதித் தூக்கத்துல ஏந்து வண்டியத் தொடச்சிட்டு வந்து படுக்கறாரு. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்திருப்பாரா, கேளு.”

“பெரியவங்க நிக்கிறாங்க. வாய மூடு,” என்றாள் மேரி.

இரண்டு நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். தணிகைவேல் நின்றான். மெர்சி டீ கொண்டுவந்தாள். நான் குடித்தேன். தணிகைவேல் வயிறு சரியில்லை என்றான். ஜோஷ்வா என்னை “சார்” என்று கூப்பிட்டான். அவன் பாட்டன் அப்படிக் கூப்பிட்டதில்லை. காலம் மாறியதை நான் அறியாதவன் அல்ல.

இளமதி பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்தாள். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவினாள். முன்பக்கப் பிளாஸ்டிக்கில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இங்க ஒட்டியிருக்கு.”

“ஆமா மேடம். கேட்டாண்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சி. ஆடு தப்பிச்சிடுச்சி. நான் தப்பிக்கல.”

தணிகைவேல் வண்டியைச் சுற்றி வந்தான். “இன்னாடி இது? படுத்துக்கினு ஓட்டணும் போல கீது.”

“குனிஞ்சி ஓட்டணும்பா. நாத்து நட குனியறதில்லையா, அது மாதிரி.”

“நாத்து நட நாம குனிஞ்சதே இல்ல.”

மேரி சிரித்தாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

முதல் அழுத்தலிலேயே வண்டி கிளம்பியது. இளமதி தன் சம்பளப் பணத்தை என் கையில் கொடுத்தாள். நான் ஜோஷ்வா கையில் கொடுத்தேன். பெயர் மாற்றும் படிவங்களில் அவன் கையெழுத்துப் போட்டான். அப்போதுதான் தணிகைவேல் அவற்றை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு குறுக்கே பேசினான்.

“பேரு இப்ப மாத்த வேணாம். நம்ம ஊட்டு விலாசத்துல இந்த வண்டி ஏறக்கூடாது. நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க கேட்டா இன்னா சொல்றது? கல்யாணம் ஆவட்டும். போற ஊட்ல எழுதிக்கட்டும்.”

“சார், எது நடந்தாலும் என் பேருதான் வரும்,” என்றான் ஜோஷ்வா. “சீக்கிரமா மாத்திக்கினா நல்லது.”

“வரட்டுமே. உனக்கு இன்னா கொறஞ்சிது?”

இளமதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வண்டி கிடைத்ததே போதும் என்று இருந்தாள் போலும். சரி என்றாள். மகள் விஷயத்தில் தகப்பன் சொல்வதுதான் எங்கள் வீட்டில் முடிவு.

அந்த வண்டி எங்கள் குடும்பத்தில் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் இருந்தது. தெருவில் அவள் சத்தமில்லாமல் முதல் கியரில் போவாள். ஹெல்மெட் கழற்றமாட்டாள். எங்கே எந்தப் பெண் வண்டி ஓட்டினாலும் குறை சொல்கிறவர்கள் இதிலும் சொன்னார்கள். விடுமுறை நாளில் களத்தோரம் கோணியை விரித்து உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போடுவாள். கிளட்ச் கேபிள் அறுந்தபோது பழைய சாமான் தேடிப் புதுப்பேட்டை வரை ரயிலில் போய்வந்தாள். தகப்பனும் அவளும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. வண்டி மழையில் நனையாமல் இருக்கப் பம்ப்செட் கொட்டகையில் இடம் ஒதுக்கிக்கொடுத்ததே தணிகைவேல்தான். இதையும் நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

பங்குனியில் திருவள்ளூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பன் பாக்கியராஜ் காக்களூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். பெண் பார்த்தார்கள், பூ வைத்தார்கள். பெண் வண்டி ஓட்டுவது தெரிந்துதான் வைத்தார்கள். நாள் குறிக்க வேண்டிய வாரத்தில் அவர்கள் வீட்டில் யாரோ வண்டி நம்பரைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம்பரைப் போட்டால் சொந்தக்காரன் பெயர் வருகிறதாம். ஜோஷ்வா என்று வந்தது.

பாக்கியராஜ் தணிகைவேலைக் கூப்பிட்டுச் சொன்னார். தணிகைவேல் போனை என்னிடம் நீட்டினான்.

“அது வெலைக்கு வாங்கின வண்டிங்க,” என்றேன். “நானே கூட இருந்தேன்.”

“பெரியவரே, வெலைக்கு வாங்கினவங்க பேர மாத்துவாங்க. ஆறு மாசமா அவன் பேர்லயே வச்சிக்கினு ஓட்டுதுன்னா நாங்க இன்னா நெனைக்கறது?”

நான் காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் போல ஒலிப்பது எனக்கே தெரிந்தது. உண்மைதான், ஆனால் யார் நம்புவார்? அவர் போனை வைத்துவிட்டார். அந்தி சாய்வதற்குள் பொன்னேரி சந்தை வரை பேச்சு போய்விட்டது. ஒருவன் பரிசாகக் கொடுத்த வண்டியாம். அவன் கல்யாணமானவனாம். இன்னும் என்னென்னவோ. அவற்றை நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை நான் தண்ணீர் திருப்ப வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். களத்திலிருந்து கறுப்புப் புகை எழுந்தது. ரப்பர் எரியும் நாற்றம். போய்ப் பார்த்தால் நடுக் களத்தில் வண்டி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தணிகைவேல். காலடியில் டீசல் கேன்.

“இன்னாடா செஞ்ச?”

“கண்ணுக்குத் தெரிய வேணாம்ணா. இருந்தாத்தான பேசுவாங்க.”

“அது அவ சம்பாரிச்சி வாங்கினதுடா.”

“அவளே என்னுதுதான்,” என்றான்.

பச்சைப் பிளாஸ்டிக் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவன் வலது கை மயிர் முழங்கை வரை கருகியிருந்தது. அழுதுகொண்டிருந்தான். இப்படி ஒன்றைச் செய்தவன் அதோடு நிறுத்திக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான். ஜோஷ்வா என் மகளை மயக்க வண்டியைக் கொடுத்து வைத்திருந்தான், வேறு இடத்தில் கல்யாணம் பேசியது தெரிந்ததும் களத்தில் புகுந்து கொளுத்திவிட்டான் என்று எழுதிக்கொடுத்தான். வண்டி விலைக்கு வாங்கவே இல்லை என்றான். வண்டி ஜோஷ்வா பெயரில் இருந்ததால் அந்தக் கதை நின்றது. ஷிப்டுக்கு வந்து தொழிற்சாலை கேட்டில் நுழையப் போனவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மதியம் மேரி எங்கள் வாசலுக்கு வந்தாள். வெயிலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“ஐயா, நீங்க அன்னிக்கி எங்க ஊட்ல ஒக்காந்து டீ குடிச்சீங்க.”

“குடிச்சேன்.”

“வித்தான்னு மட்டும் சொல்லுங்க, போதும். அடிக்கிறாங்க ஐயா. மெர்சிக்கு மாசம் நெருங்கிடுச்சி. அவளாண்ட நான் இன்னும் சொல்லல.”

நான் பதில் சொல்வதற்குள் இளமதி தன் வீட்டிலிருந்து வந்தாள். அடுத்த வீடுதான். கையில் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். பின்னாலேயே தணிகைவேல் மனைவி ஜோதிலட்சுமி.

“நான் போறேன் பெரியப்பா. யாரு கொளுத்தினாங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

“பெத்த அப்பனடி,” என்றாள் ஜோதிலட்சுமி.

“அவரு எனக்கு அப்பன்னா, அந்தாளு பொறக்கப்போற கொழந்தைக்கு அப்பன் இல்லையா?”

தணிகைவேல் திண்டாடிப்போய் வாசற்படியில் நின்றான். “அண்ணா, அவளப் போவ வேணாம்னு சொல்லு. ஊடு மானம்.”

“நம்ம ஊட்டு மானத்துக்கு அவன் ஏன்டா அடி வாங்கணும்?”

“அவனுங்க வாங்காததா,” என்றான் தம்பி.

என் தகப்பனார் கோபத்தில் ஆளை அடித்ததுண்டு. ஆனால் தான் செய்ததை இன்னொருவன் தலையில் கட்டியதில்லை. நான் சட்டை மாற்றிக்கொண்டேன். இளமதியை உள்ளே போகச் சொன்னேன். தகப்பனுக்கு எதிராக மகள் ஸ்டேஷனில் நின்றாள் என்ற பேச்சு அவளை ஆயுளுக்கும் விடாது. அவள் உள்ளே போகமாட்டேன் என்றாள். “சொல்ல வேண்டியத நான் சொல்லிடறேன். உன் வாயால வரவேணாம்,” என்றேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேரியை முன்னால் நடக்கச் சொன்னேன்.

ஸ்டேஷனில் ஜோஷ்வாவைப் பனியனோடு தரையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைப் பார்த்தான், சார் என்று கூப்பிடவில்லை. எழுத்தர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றேன். வண்டியை விலைக்கு வாங்கியதையும், பெயர் மாற்றாத காரணத்தையும், களத்தில் கண்டதையும் சொன்னேன்.

“பெரியவரே, கூடப் பொறந்தவரு,” என்றார் எழுத்தர். “யோசிச்சிக்குங்க. சமாதானமா பேசி முடிச்சிடலாம்.”

“எழுதுங்க.”

எழுதினார். படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். ஜோஷ்வாவைச் சாயங்காலம் அனுப்பினார்கள். தணிகைவேலைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பொய்ப் புகார் என்று அவன்மேல் வழக்கு நடக்கிறது.

ஜோஷ்வா எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவன் மெர்சியின் தாய்வீட்டுக்கே குடிபோய்விட்டான். இளமதி தொழிற்சாலைப் பக்கம் விடுதியில் தங்கியிருக்கிறாள். ஊருக்கு வருவதில்லை, சம்பந்தம் எதுவும் வருவதில்லை. தணிகைவேல் என்னோடு பேசுவதில்லை. வரப்பில் எதிரே வந்தால் வயலில் இறங்கி நடக்கிறான். எரிந்த இரும்பு களத்திலேயே கிடக்கிறது. எடுக்க யாரும் கைவைக்கவில்லை. இந்த வருடம் ரோட்டில் நெல் காயவைத்தோம்.

இளமதி ஸ்டேஷனுக்குப் போய் அப்பனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவள் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. காட்டிக்கொடுத்தது நான்.