கதவு சாத்தாத வங்கி

உலகத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், துவாலு நாட்டுக்குப் பணம் எடுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பூக்கிரீடம் சூடிய வங்கி மேலாளர் இயகோபோ ஒலிபெருக்கியில் இதைச் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. போதகர் ஜெபித்தார், நின்றவர்களின் கால் மரத்துப்போகும்வரை ஜெபித்தார். இனி இந்த வங்கிக்கு இரவுமில்லை, ஞாயிறுமில்லை என்று மேலாளர் முழங்க, கூட்டம் கைதட்டியது.

கூட்டத்தில் நின்ற வாலிசி மட்டும் தட்டவில்லை. கப்பலில் வேலை செய்யும் புருஷன் அனுப்பும் சம்பளத்தில் மழைநீர்த் தொட்டி வாங்கச் சேர்த்துவருகிறாள். போன வறட்சியில் வாளியோடு தெருவில் நின்ற அவமானம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தத் தீவில் சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. சொன்னவளை நாய்கூட மதிக்காது. பொய் சொன்னாலோ பாவம். இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றியது ஓர் உண்மைதான்: வங்கி சாத்தியாகிவிட்டது. பகல் இரண்டு மணிக்குச் சாத்துவார்கள். கொழுந்தன் செமிசி எழுந்திருப்பதே மூன்று மணிக்கு.

இப்போது அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"கேட்டீங்களா அண்ணி? ஞாயித்துக்கிழமையும் உண்டாம்."

"உன் காது மட்டும் தூங்கவே தூங்காதே."

"ஒரு மோட்டார் பைக் பாத்து வச்சிருக்கேன். எங்க அண்ணன் காசுதானே? உங்க அப்பன் வீட்டுதா?"

"உங்கண்ணன் கப்பல்ல எண்ணெயத் தொடைக்கிறாரு. உனக்கு வாயத் தொடைக்கவே ஆள் வேணும்."

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே இயந்திரம்வரை அவளுக்கு வழியும் விட்டது. முதல் வாடிக்கையாளர் என்று மேலாளரே கைபிடித்து அழைத்துப் போனார். அந்தக் கை அழுகட்டும் என்று மனதுக்குள் சபித்தபடி அவள் அட்டையைச் செருகினாள்.

இயந்திரம் உறுமியது. பிறகு அடங்கியது. மேலாளர் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். போதகர் மறுபடி கண்ணை மூடினார். கடைசியில் காசாளர் பெண் வந்து விஷயத்தைச் சொன்னாள்: நாடா வெட்ட வந்த பெரிய மனிதர்களின் எடை தாங்காதென்று, விமானக்காரர்கள் பணப்பெட்டியை ஃபிஜியிலேயே இறக்கிவிட்டார்களாம்.

வாலிசிக்கு வங்கியின் மேல் முதன்முதலாகப் பிரியம் வந்தது. அது வீடு போய்ச் சேரும்வரை நீடித்தது. செமிசி அவளுக்கு முன்பே அங்கே பாயை விரித்திருந்தான். மழைநீர் பிடித்து வைத்திருந்த பீப்பாயின் அடியில் கிடந்த தண்ணீரையும் மொண்டு குளித்திருந்தான்.

"பணம் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன் அண்ணி. எனக்கு அவசரமில்ல."

அன்று வியாழக்கிழமை. அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமை.