நான்காம் தெருவின் நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள்

நான்காம் தெருவில் ஒரு குழாய் சொட்டினால்கூட அந்தச் செய்தி மனு அக்காவின் கைவழியாகத்தான் நகரசபைக்குப் போகும். தெருவுக்கே மனு எழுதித் தருவதால் வந்த பெயர் அது. அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எழுத்து முத்து முத்தாக விழும். அந்தப் புறநகரின் வீடுகள் எல்லாம் நகரசபை கட்டி வாடகைக்கு விட்டவை. பழுது பார்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான். சும்மா கேட்டால் யார் வருகிறார்கள்? அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். அதனால் அக்கா கொஞ்சம் ஓங்கியே அழுவாள். சுவரில் முடி அளவு விரிசல் என்றால் "எந்நேரமும் இடிந்து விழலாம்" என்பாள். கூரையில் ஈரம் பூத்தால் "குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து" என்பாள். பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உண்மைக்குக் கொஞ்சம் உரம் போட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த இருபது வருடத்துக்கான குடியிருப்புத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாக நோட்டீஸ் வந்ததும் தெருவே அவள் பின்னால் கிளம்பியது. "இந்தத் தடவை நம்ம தெருவுலதான் முதல்ல வேலை ஆரம்பிப்பாங்க, பாருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நகரசபை மண்டபச் சுவரில் பெரிய வரைபடம். பச்சை என்றால் பழுது பார்த்து வைத்துக்கொள்ளும் வீடுகள். சிவப்பு என்றால் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப்போகும் இடம். பூச்சு உதிர்ந்து செங்கல் பல்லிளிக்கும் ஐந்தாம் தெரு பச்சையாக இருந்தது. நான்காம் தெரு, இருபத்தெட்டு வீடும், சிவப்பு.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். தொழில் புத்தி போகுமா? அச்சுப் பிழை என்றுதான் நினைத்தாள்.

"சார், நிறத்தை மாத்திப் போட்டுட்டீங்களா?"

திட்ட அதிகாரி மரியாதையான மனிதர். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. ஆறு வருஷத்துல உங்க தெருவுல இருந்து நூத்திப் பன்னெண்டு மனு. அஞ்சாம் தெருவுல மூணே மூணு. இவ்வளவையும் ரிப்பேர் பண்றதுக்கு இடிச்சுக் கட்டுறதே மேல்."

"ரிப்பேர் பண்ணச் சொல்லித்தானே சார் எழுதினோம்?"

"இடிஞ்சு விழப்போற வீட்டை எப்படிம்மா ரிப்பேர் பண்றது?" அவர் ஒரு தடித்த கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். அத்தனையும் அவள் எழுத்து. ஏழாம் எண் வீட்டு ஜன்னல் "எந்த நொடியும் பெயர்ந்து தலையில் விழும் நிலையில்" இருந்தது.

ஏழாம் எண் வீட்டு நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். "ஜன்னல் சரியா மூட மாட்டேங்குதுன்னுதானேக்கா சொன்னேன்?"

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. எல்லோருக்கும் புறவழிச் சாலைக்கு அப்பால் மாற்று வீடாம். இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லையாம்.

"ஒரு வழி இருக்கு" என்றார் அதிகாரி. "வீடு நல்ல நிலையில இருக்கு, பழைய மனுவை வாபஸ் வாங்கறேன்னு இருபத்தெட்டு வீட்டுக்காரங்களும் எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒரு வீடு குறைஞ்சாலும் செல்லாது."

அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். தன் வாயால் கெட்டதைத் தன் கையால் கழுவுகிற வேலை. இருபத்தேழு முடிந்தது. கடைசியாக வந்து நின்றவர் தச்சர்.

அவள் பேனா நின்றுவிட்டது. தச்சர் வீட்டு மாடிப் பால்கனி போன மழையிலேயே பாதி இடிந்து கீழே வந்துவிட்டது. மீதி வெறும் கம்பியில் தொங்குகிறது. அவருக்கு மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள். நூற்றுப் பன்னிரண்டில் அந்த ஒரு மனுவுக்குத்தான் அவள் ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை.

"உங்க வீட்டுக்கு என்னால எழுத முடியாதுண்ணே."

"எழுதுங்கக்கா" என்றார் தச்சர். "நான் ஒருத்தன் போடலேன்னா இருபத்தேழு வீடும் போயிடும். பால்கனிக் கதவை ஆணி அடிச்சு மூடிக்கிறேன். எத்தனை கதவு பாத்திருக்கேன்."

பால்கனி உட்பட வீடு நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினாள். முத்து முத்தான எழுத்து கோணிக்கொண்டு போனது. தச்சர் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்தார். கடைசித் தாளில் நிறுத்தித் திரையை உற்றுப் பார்த்தார்.

"நல்ல வேளை, இன்னிக்கே வந்தீங்க. அவசரம்னு குறிச்சு, இந்தப் பால்கனிக்கு மட்டும் திங்கட்கிழமை ரிப்பேருக்கு ஆள் அனுப்பறதா இருந்துச்சு" என்றார். "ரத்து பண்ணிட்டேன்."