செல்லத்துரை சாரின் அலமாரி

வேலை தேடுகிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் கிடைக்காதது வேலை ஒன்றுதான். அறிவுரை வேண்டிய மட்டும் கிடைக்கும்.

பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் தண்ணீர் சுமந்து, சோறாக்கி, தெருவில் எல்லாருக்கும் ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். "திருப்பூருக்குப் போயிரு." "நர்சிங் படிச்சிருக்கலாம்ல." "ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா இந்தக் கவலையே இல்ல பாரு." கம்பத்தில் வேலை கேட்டால் நீ கேரளாக்காரி என்றார்கள். கேரளப் பக்கம் நெடுங்கண்டத்தில் கேட்டால் பாண்டிக்காரி, அதாவது தமிழச்சி. செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் நான் அடுத்த பக்கத்து ஆள்.

அம்மாவின் அறிவுரை இரண்டே வார்த்தை. "ஒத்துப் போடி." அம்மா சின்னத்தாயி இருபத்தாறு வருடமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். அட்டை கடித்தாலும் சூப்பர்வைசர் கடித்தாலும் அவளுக்கு மருந்து அந்த இரண்டு வார்த்தைதான்.

கடைசியில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். மேனேஜர் செல்லத்துரைக்குக் கம்பம் பக்கம்தான். முதல் நாளே, "ஒரிஜினல் சர்டிபிகேட்ட எல்லாம் இங்கன குடுத்துரும்மா. ஒரு வருசம் பத்திரமா இருக்கட்டும்," என்றார். ஒரு மலையாளி முதலாளி கேட்டிருந்தால் ஏன், எதற்கு, ரசீது உண்டா என்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவர் தமிழில் கேட்டார். "நம்ம பக்கத்து ஆளுடி, நம்பிக் குடு," என்று அம்மாவும் சொன்னாள். நானும் கொடுத்தேன், அவர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறு மாதம் போனது. எப்போதோ எழுதிய கேரள பி.எஸ்.சி. பரீட்சை, தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் வேலைக்கு, அதில் என் நம்பர் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கட்டப்பனை ஆபீசில் சர்டிபிகேட் சரிபார்ப்பு. ஒரிஜினல் வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் என் பெயர் இருக்காது.

புதன்கிழமை செல்லத்துரை சாரிடம் போய்க் கேட்டேன்.

"அது கெடச்சா நீ போயிருவேல்ல?" என்றார்.

"கெடைச்சாப் போவேன் சார்."

"அப்புறம் நான் எதுக்கு எடுத்துக் குடுக்கணும்? இன்னும் ஆறு மாசம் இருக்கு. பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க?"

பொறுத்தவள் ஒருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு மூன்று சென்ட் பூமிகூட இல்லை. அதைச் சொல்ல வாய் வந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன். அன்று முழுக்க என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

வீட்டில் சொன்னேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே, "அடுத்த பரீட்ச எழுதிக்கிரலாம்டி. இருக்குற வேலயக் கெடுத்துக்காத. ஒத்துப் போ," என்றாள்.

"ஒத்துப் போனவ நீ. உனக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அரிசியை இன்னொரு தடவை களைந்தாள்.

வியாழக்கிழமை காலை அம்மா தோட்டத்துக்குப் போகிற ஜீப்பிலேயே நானும் ஏறினேன். அது ரிசார்ட்டைத் தாண்டித்தான் போகும். சுருளிவேல் அண்ணனின் ஜீப். எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினாலு பெண்கள், தூக்குவாளி, பிளாஸ்டிக் சாக்கு எல்லாம். ஏழரைக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அரைநாள் கூலி போச்சு.

ரிசார்ட் கேட்டில் நான் இறங்கினேன். செல்லத்துரை சார் வாசலிலேயே நின்று, தேக்கடிப் படகுக்குக் கிளம்புகிற விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

"சார், என் சர்டிபிகேட்டைக் குடுங்க. பத்தரைக்கு நான் கட்டப்பனையில இருக்கணும்."

"நேத்தே சொல்லிட்டேன்ல. யூனிபார்ம் எங்க? போய் மாத்திட்டு வந்து சீட்ல உக்காரு."

"குடுக்காம நான் உள்ள வரமாட்டேன்."

அவர் என்னை விட்டுவிட்டு, இன்னும் கிளம்பாமல் நின்ற ஜீப்பைப் பார்த்தார். முன் சீட்டு ஓரத்தில் அம்மா. "உங்க அம்மாவப் பாரு. இருபத்தாறு வருசம். ஒரு நாள் ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருக்குமா? அந்தப் பொறுமைய அதுகிட்டக் கத்துக்க," என்றார். பாராட்டுகிற குரலில்தான் சொன்னார்.

அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினாள். நான் பயந்துபோனேன். என்னைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"சுருளி, வண்டியக் கேட்டுக்கு நேரா நிப்பாட்டு," என்றாள். "சாவியக் கையில எடு."

சுருளிவேல் அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வண்டியைக் குறுக்கே விட்டு, நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார்," என்றார், அந்தச் சாவியைத் தட்டிக்கொண்டே.

அம்மா கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். மத்தியானக் கஞ்சியைக் காலை ஏழு மணிக்குக் குடிக்க ஆரம்பித்தாள். கத்தரீனாள் மதினி இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அரைநாள் போனாப் போகுது. எனக்கும் காலு வலிக்குது," என்றாள். பிறகு ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மற்றவர்களும் இறங்கினார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஊறுகாய் மட்டும் கை மாறியது.

உள்ளே மூன்று கார்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. முதல் காரிலிருந்து இறங்கிய பெண்மணி கோயம்புத்தூர்க்காரர். "என்னங்க பிரச்சன?" என்று என்னையே கேட்டார். உள்ளதைச் சொன்னேன். என் படிப்பு இவர் அலமாரியில் இருக்கிறது, எனக்கு இன்று வேண்டும், தரமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். அந்த அம்மா செல்லத்துரை சாரைப் பார்த்த பார்வையில் அவருக்கு வேர்த்துவிட்டது.

"இப்ப எந்திரிக்கலன்னா போலீஸக் கூப்பிடுவேன்," என்றார் செல்லத்துரை சார்.

"கூப்பிடுங்கய்யா," என்றாள் அம்மா. "வந்து அந்த அலமாரியத் திறந்து பாக்கட்டும். நாங்களும் அதத்தான் கேக்குறோம்."

அவர் போனை எடுத்தார், பார்த்தார், திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். உள்ளே போனார். நான் விடாமல் பின்னாலேயே போனேன்.

அலமாரியைத் திறந்தார். பிரவுன் கவர்கள் அடுக்காக இருந்தன. ஒன்றை உருவி மேஜை மேல் போட்டார். பிரித்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, எல்லாம் இருந்தது. எண்ணிப் பார்த்துத் திரும்பக் கவருக்குள் வைத்தேன்.

"கெடச்சதுல்ல? அந்தப் பொம்பளைங்கள எந்திரிக்கச் சொல்லு."

போயிருக்கலாம். மணி எட்டு. ஆனால் அலமாரியில் மேலே இருந்த கவரில் இந்துவின் பெயர் தெரிந்தது. சமையலறையில் வேலை பார்க்கிறவள். கேட்டரிங் படித்த பிள்ளை, நல்ல இடத்தில் கூப்பிட்டும் போக முடியாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கவருக்குக் கீழே இன்னும் பத்துப் பேருடைய கவர்கள்.

"இந்து," என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "உன் சர்டிபிகேட்டு இங்க இருக்கு. வந்து வாங்கிக்க."

"அவளுக்கும் உனக்கும் என்ன?" என்றார் செல்லத்துரை சார்.

"அவ வாங்கிட்டாத்தான் ஜீப் ஸ்டார்ட் ஆகும் சார்."

சமையலறைக் கதவு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இந்து வந்தாள். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், கவரை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரூம் சர்வீஸ் பையன்கள், தோட்டக்காரர் மகன், டிரைவர், எல்லாரும் வந்தார்கள். "நீயுமாடா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார் செல்லத்துரை சார். அவரவர் கவரை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். எட்டரைக்கு அலமாரி காலி.

வெளியே வந்தபோது அம்மா தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அரைநாள் எப்படியும் போய்விட்டது. "அப்ப எல்லாருமா கட்டப்பனைக்கே போயிருவோம்," என்றாள் கத்தரீனாள் மதினி. சுருளிவேல் அண்ணனின் வண்டி முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆனது.

பத்தரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோமா என்றால், சேர்ந்தோம். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், ரேங்க் லிஸ்ட் இன்னும் வரவில்லை. அந்த ரிசார்ட் வேலை போய்விட்டது. அதைப் பற்றி அறிவுரை சொல்ல இதுவரை நாலு பேர் வந்தார்கள், நாலு பேரையும் அம்மாவே வாசலில் வைத்துப் பேசி அனுப்பிவிட்டாள்.

அம்மா இப்படி ஆனதற்குக் காரணம் கட்டப்பனைக்குப் போகும்போது ஜீப்பில் நடந்தது. பாதி வழியில் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "இதுல என்னதான்டி எழுதியிருக்கு?" என்றாள்.

பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டை விரித்துக் காட்டினேன். "இது என் பேரு. இது அப்பா பேரு. இது உன் பேரு."

"என் பேரா?"

"அம்மா பேரும் போடுவாங்கம்மா."

ஏலக்காய்ச் சாறு ஏறிக் கறுத்த விரலை அந்த எழுத்தின் மேல் வைத்தாள். பிறகு அவள் முகம் சிவந்துவிட்டது. அம்மாவுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்ப ஆறு மாசமா என் பேரையும்ல அவன் உள்ள போட்டுப் பூட்டியிருந்திருக்கான்," என்றாள். "இத நீ மொதல்லயே சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே வந்திருப்பேன்லடி."