சத்தமில்லாத மோட்டார்

உத்தமபாளையத்தில் சுருளிராஜனுக்கு இரண்டு வேலை. ஒன்று பட்டறையில் உட்கார்ந்து எரிந்துபோன போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அது கை வேலை. இன்னொன்று காது வேலை. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை திராட்சையும் வாழையும் போட்டிருக்கும் ஆட்கள், மோட்டாரில் ஏதாவது சந்தேகம் என்றால் அவருக்கு ஃபோன் போடுவார்கள். "தம்பி, கேளு" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் கொண்டுபோய் போர்க் குழாயின் வாயருகே வைப்பார்கள். அரை நிமிடம் கேட்டுவிட்டு பேரிங் போயிருச்சு, மணல் இழுக்குது, தண்ணி இறங்கிருச்சு என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

சும்மா இல்லை இது. அறுநூறு அடி ஆழத்தில் கிடக்கும் மோட்டாரை மேலே தூக்க வண்டி வேண்டும், நாலு ஆள் வேண்டும், ஒரு பகல் முழுக்க வேண்டும். தூக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் வயிறு எரியும். அதனால் சுருளிராஜன் "ஓடட்டும்" என்றால் ஓடும், "தூக்குங்க" என்றால் மறுநாள் வண்டி வந்து நிற்கும். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான். எரிந்த மோட்டார்கள் நாலு கடையைத் தாண்டி அவர் பட்டறைக்கு வருவதும் இந்தக் காதை நம்பித்தான்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில், மூன்றடி மீன் தொட்டியில் ஓடிய மோட்டார் சத்தம் போட்டது.

தொட்டி அவர் மனைவி உமாதேவியுடையது. அவர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. காலை எட்டரைக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, தொட்டி முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து மோலிகளையும் கோல்டு ஃபிஷ்களையும் பார்த்துவிட்டுப் படுக்கப் போவார். தொட்டி கூடத்தில் இருந்தது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில். பகல் தூக்கம் என்பதே இரவல் தூக்கம். அதிலும் சுவர் வழியாக மோட்டார் கொர்ரென்று இழுத்தால் எப்படி இருக்கும்?

"இருபத்தஞ்சு வாட்ஸ் மோட்டாரு. கரண்டு போனா இன்வெர்ட்டரையும் உறிஞ்சிருது, எந் தூக்கத்தையும் உறிஞ்சிருது. வேற நல்லதா ஒண்ணு பாருங்க" என்றார் உமாதேவி.

"ஊரு மோட்டாரையெல்லாம் பாக்குறேன், இதப் பாக்க மாட்டனா" என்று சுருளிராஜன் கிளம்பினார்.

முதலில் பழைய மோட்டாரின் அடியில் ரப்பர் டியூப் துண்டுகளை வெட்டி வைத்துப் பார்த்தார். கொர்ர் நின்றது. உமாதேவி மறுநாள், "அந்தச் சத்தம் போயிருச்சு, இன்னொண்ணு கேக்குது. மெல்லிசா, கீ-ன்னு" என்றார். சுருளிராஜன் தொட்டியருகே போய் நின்றார். எதுவும் கேட்கவில்லை. தேனிக்குப் போய்ப் பன்னிரண்டு வாட்ஸ் ஒன்று வாங்கி வந்தார். அதற்கும் உமாதேவி அதையேதான் சொன்னார். "ஒனக்கு டியூட்டி அலுப்பு. ஆஸ்பத்திரி மிஷின் சத்தமெல்லாம் காதுலயே நிக்குது போல" என்று சுருளிராஜன் சிரித்தார். உமாதேவி சிரிக்கவில்லை.

மூன்றாவது தடவை தேனிக்குப் போனபோது கடைக்காரர் வினோத்ராஜ் ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொரு மோட்டாராகப் போட்டு ஓட்டிக் காட்டினார். சுருளிராஜன் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை மோட்டார் மேலும் பிடியைத் தன் காதருகே எலும்பிலும் வைத்து, பட்டறையில் செய்வது போலவே கேட்டார். கடையில் நின்ற இரண்டு பேர் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். எல்லா மோட்டாரிலும் உள்ளே கனமான ஒரு முனகல் மட்டும் சீராக இருந்தது. "எல்லாமே நல்ல சாமான்தான். எட்டு வாட்ஸக் குடுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ராயப்பன்பட்டி அழகுமலை ஃபோன் போட்டார். ஏழு ஏக்கர் பன்னீர் திராட்சை. குலையெல்லாம் கறுத்து இனிப்பு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பதினைந்து நாளில் வெட்டு.

"தம்பி, மோட்டார ஒரு தடவ கேளு. ஒங்க மதினி ஏதோ கீச்சுங்குதுன்றா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

சுருளிராஜன் கடைக்கு வெளியே வந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் அரை நிமிடம் கேட்டார். மோட்டார் கனமாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே, ஓடட்டும். மதினிக்கும் எங்க வீட்டம்மாவுக்கும் ஒரே காது போல."

அழகுமலை நிம்மதியாகச் சிரித்துவிட்டு வைத்தார்.

எட்டு வாட்ஸ் மோட்டாரை மாட்டி ஐந்து நாள் ஆனது. ஐந்தாம் நாள் சாயங்காலம் உமாதேவி தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்னங்க, இங்கன வாங்க. அந்தச் செவுத்தப் பாத்து நில்லுங்க. நான் மோட்டாரப் போடுவேன், நிப்பாட்டுவேன். ஓடுதா நிக்கிதான்னு சொல்லணும், அம்புட்டுதான்."

"என்ன வெளையாட்டு இது?"

"சும்மா நில்லுங்க."

நின்றார். பின்னால் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது.

"ஓடுது" என்றார். மறுபடி தட்டினார் உமாதேவி. "நின்னுருச்சு." மறுபடி. "ஓடுது." பத்துத் தடவை நடந்தது. பத்துக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். கடைசியில், "போதுமா டீச்சர்?" என்று திரும்பினார்.

உமாதேவி ஒரு கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு நின்றார். மோட்டாரின் வயர் அந்தச் சுவிட்சில் இல்லவே இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பிளக்கில் செருகியிருந்தது. தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

"மோட்டாரு ஆரம்பத்துலேர்ந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க சுவிட்சு சத்தத்தக் கேட்டுச் சொன்னீக."

சுருளிராஜன் வயரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். அதே கனமான முனகல்தான்.

"இது மேல, கீ-ன்னு ஒண்ணு இருக்குதுங்க. இந்தா இப்பக்கூட இருக்கு" என்றார் உமாதேவி. குரலில் சண்டை இல்லை. நோயாளியிடம் பேசும் குரல் வந்திருந்தது. அதுதான் சுருளிராஜனுக்கு ஆகவில்லை. உமாதேவி தொடர்ந்தார்: "பட்டறையில கிரைண்டரு, டெஸ்டிங்குன்னு இத்தன வருசம் காதுக்குப் பக்கத்துலயே ஓட்டுறீக. மெல்லிசான சத்தந்தான் மொதல்ல போகும். பேச்சு கேக்கும், கனமான சத்தம் கேக்கும், அதனால போனதே தெரியாது. மூணு வருசமா கொசு நம்ம பக்கமே வர்றதில்லன்னு பெருமையடிச்சுக்கிட்டு இருக்கீகல்ல? கொசு வந்துகிட்டுத்தான் இருக்கு."

"எங் காதயா சொல்ற?" என்றார் சுருளிராஜன். கோபமாகத்தான் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. அழகுமலையின் மனைவி சொன்னதும் கீச்சுச் சத்தம். பேரிங் போகும்போது முதலில் வருவதும் கீச்சுச் சத்தம். ஐந்து நாளாக அந்த மோட்டார் ஓடுகிறது, தினமும் மூன்று பேஸ் கரண்டு இருக்கிற நேரம் முழுக்க. பேரிங் உடைந்தால் செம்புக் கம்பி வைண்டிங்கையும் சேர்த்து எரித்துவிடும். எரிந்தால் மோட்டார் வெளியே வந்து, காயில் கட்டி, திரும்ப இறங்க ஒரு வாரம் ஆகும். இனிப்பு ஏறும் திராட்சை இந்த வெயிலில் ஒரு வாரம் தண்ணீரில்லாமல் தாங்காது, பழம் சுருங்கிப்போகும்.

காது விஷயத்தை வெளியே சொல்லாமலே காரியத்தை முடிக்க ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஃபோனை எடுத்தார்.

"அண்ணே, வெட்டுக்கு முன்னாடி மோட்டார ஒரு தடவ தூக்கிப் பாத்துருவமே. சும்மா ஒரு சர்வீஸ் மாதிரி."

அழகுமலை சிரித்தார். "ஏலே, நீதான ஒண்ணுமில்லன்ன? ஒன்னாலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன். ஒங்க மதினி தெனமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. சுருளி கேட்டுட்டான், நீ வாய மூடுன்னு சொல்லிட்டேன். இந்த நேரத்துல ஒரு நாளு தண்ணிய நிப்பாட்ட முடியுமா?"

"இல்லண்ணே, தூக்குறது நல்லது."

"எதுக்குன்னு சொல்லு."

சுருளிராஜன் எதிரே வரிசையாகத் தொங்கிய செம்புக் கம்பிச் சுருள்களைப் பார்த்தார். தன் பேரே குறுக்கே வந்து நிற்கிறது, அதைத் தள்ளிவிட்டால்தான் வழி என்று தெரிந்தது.

"எனக்குக் காது கேக்கலண்ணே."

"என்னது?"

"கீச்சுச் சத்தம் எனக்குக் கேக்காது. மதினிக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேக்கல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அழகுமலை கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல்தான் இருந்தாரா, மெல்லமாக ஏதாவது சொன்னாரா என்று சுருளிராஜனுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

"போன கோடையில எங்க பங்காளி மோட்டாரு எரிஞ்சதே" என்றார் அழகுமலை கடைசியில். "அவனும் ஒங்கிட்டத்தான கேட்டான். ஓடட்டும்னுதான சொன்ன?"

அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியதும் சுருளிராஜன்தான். காயில் கட்டினதற்கு வாங்கிய கூலியும் ஞாபகம் வந்தது.

"ஆமாண்ணே. அதுவும் இதாத்தான் இருக்கும்."

அழகுமலை ஃபோனை வைத்துவிட்டார். சுருளிராஜனுக்கு அவமானமாக இருந்தது. பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை டியூட்டி முடிந்து வந்த உமாதேவி படுக்கப் போகவில்லை. இருவரும் பஸ்ஸில் தேனிக்குப் போனார்கள். வினோத்ராஜ் வாளியை வைத்தார். சுருளிராஜன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டார். உமாதேவி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கினார். ஆறாவதாக ஓட்டிய நாலு வாட்ஸ் மோட்டாருக்குக் கண்ணைத் திறந்து, "ஓடுதா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. "இது போதும்" என்றார். சுருளிராஜனுக்கு அந்த ஆறும் ஒன்றாகத்தான் இருந்தன.

அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அழகுமலை ஃபோன் வந்தது. சுருளிராஜன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடுகிறதா என்று அறிய, தண்ணீரில் மிதந்த தீனித் துணுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் உமாதேவி தூங்கினார்.

"தம்பி, தூக்கியாச்சு" என்று அழகுமலை கத்தினார். காது கேட்காதவனிடம் பேசுகிறோம் என்று தொண்டை கிழியக் கத்தினார். "பேரிங்கு தூள் தூளாக் கெடக்கு. வைண்டிங் தப்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு நாளு ஓடியிருந்தா எரிஞ்சிருக்கும். கேக்குதா? கேக்குதா தம்பி?"

"கேக்குதுண்ணே. மெதுவாப் பேசுங்க. நல்லாக் கேக்குது."

"என்னைக்குமில்லாம மதினி ஆடுறா ஆட்டம், சொன்னேனே சொன்னேனேன்னு" என்று அதையும் கத்திவிட்டு, ஒரு நொடி விட்டு, குரலைத் தணித்து, "ஒளிக்காமச் சொன்னியே, அது பெருசு" என்று வைத்தார்.

படுக்கையறைக் கதவு திறந்தது. உமாதேவி தலைமுடியை முடிந்துகொண்டே வந்தார்.

"மோட்டார் சத்தமா?" என்றார் சுருளிராஜன்.

"மோட்டாரு கம்முன்னு இருக்கு. அழகுமலை அண்ணன் கொரல்தான் செவுத்துக்கு அங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு."

உமாதேவி திரும்பப் போய்ப் படுத்தார். ஃபோன் மறுபடி அடித்தது. கோம்பை ஊர்க்காரர் ஒருவர். செய்தி இன்னும் அவர் வரை போகவில்லை. "அண்ணே, கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நடக்கத் தொடங்கியது ஃபோனில் தெரிந்தது.

"வைக்காதீக" என்றார் சுருளிராஜன். "எனக்குக் காது செரியில்ல. அங்கன வேற யாரு இருக்காக?"

"வேற யாருண்ணே, வீட்டுல பொம்பளையாளுதான்."

"அவுககிட்டக் குடுங்க."

நம்பாமல்தான் கொடுத்தார். ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி, "எனக்கு மோட்டாரப் பத்தி என்னண்ணே தெரியும்" என்றது.

"தெரிய வேணாம் ஆத்தா. குழாய்கிட்ட போயி நில்லு. எப்படிக் கேக்குதோ அப்படியே சொல்லு."

அந்தப் பெண் போய் நின்று வெகுநேரம் கேட்டார். சுருளிராஜன் அவசரப்படுத்தவில்லை.

"மாவு சலிக்கிற மாதிரி கேக்குதுண்ணே. நடுவுல நடுவுல விட்டு."

"மணலு இழுக்குது. ஒடனே நிப்பாட்டச் சொல்லு."

அந்தப் பெண் ஃபோனைக் கையில் வைத்தபடியே புருஷனைப் பார்த்து, "இங்கேருங்க, நிப்பாட்டுங்க" என்றது அவருக்கு நன்றாகக் கேட்டது.