இந்தப் பக்கம் பெடல் இல்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வண்டிகளில் இரண்டு பிரேக் பெடல் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலுக்கு. இன்னொன்று, பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலுக்கு. நம் மாஸ்டர் அந்த இரண்டாவது பெடலை மிதித்தே தலை நரைத்தவர். அத்தனை காலம் மிதித்த கால், வேலையை விட்டு வந்ததும் சும்மா இருந்துவிடுமா? யார் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்தாலும், எதிரே ஒரு நாய் தலைகாட்டினால் போதும், அவருடைய வலது கால் தானாக நீண்டு வெறும் தரையை ஓங்கி அழுத்தும். வாடகைக் காரில் அழுத்தும். பேருந்தில் அழுத்தும். ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில்கூட அழுத்தியிருக்கிறது.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "அப்பா, இந்தப் பக்கம் பெடல் இல்லப்பா" என்று மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். அதை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். இப்போது, பேச்சே முழுதாக வராத பேத்திகூட பின்னால் இருந்து "தாத்தா, இந்தப் பக்கம் பெடல் இல்ல!" என்று கைதட்டுகிறது. மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மகள் சிரிக்கிறாள் என்றால் அவருக்கு எந்தக் கேலியும் வெல்லம்தான்.

மகள் சிரிப்பதே அபூர்வமாகியிருந்தது. மழைக்காலம் முழுக்கக் குழந்தையோடு அம்மா வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளை குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. பொய் சொல்கிறவர். அதிலும் பெரிய பொய் ஒன்றும் இல்லை. வாங்க மறந்த மருந்தைக் கடையில் தீர்ந்துபோச்சு என்பார். வீட்டில் படுத்துக்கொண்டே வந்துட்டே இருக்கேன் என்பார். யார் முகமும் வாடக் கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் முகத்தை வாட வைத்துவிட்டார். சமாதானமாகித் திரும்பிப் போன அன்று, எல்லாருக்கும் கேட்கும்படி மகள் கறாராகச் சொன்னாள்: "இன்னொரு பொய் சொன்னா அதோட சரி. பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்." வாசல்வரை போனவள் திரும்பி, "எங்கப்பா இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருப்பாரா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனாள். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்கு அப்புறம் வந்தது இந்தச் சக்கர ஆசை. மாப்பிள்ளைக்குத் தன் காருக்குப் பெரிய சக்கரம் போட வேண்டும். ராத்திரி பகல் அதே பேச்சு. கைப்பேசியில் படம் காட்டாத ஆள் மிச்சமில்லை. மகள் மாஸ்டரைக் கேட்டாள். மாஸ்டர் சொன்னார்: சக்கரம் பெரிதானால் எடையும் கூடும், சுற்றுகிற வேகத்தை அடக்குவதும் கஷ்டம். கம்பெனி அந்தச் சின்னச் சக்கரத்துக்குக் கணக்குப் பண்ணி வைத்த பிரேக் இதற்குப் போதாது. உள்ளே இருக்கும் தட்டையும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரையும் சேர்த்துப் பெரிதாக மாற்ற வேண்டும். மகள் அதை அப்படியே சட்டமாக்கினாள். "சக்கரம் போட்டுக்கோங்க. ஆனா பிரேக்கும் மாத்தணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும்." மாப்பிள்ளை சரி சரி என்று தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சக்கரத்தோடு மாமனார் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. பழைய கார்தான், அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட சிறுவன் மாதிரி நின்றது. பளபளவென்று ஐந்து கம்பிகள், நடுவே விரலென்ன, கையே போகிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளி வழியாக ரத்தச் சிவப்பில் பெரிய காலிப்பர் தெரிந்தது. "பாத்தீங்களாப்பா? பிரேக்கும் மாத்திட்டாரு" என்று மகள் பெருமையாகச் சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு புருஷனைப் பற்றி அவள் பெருமையாகப் பேசிக் கேட்டதில், மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

எல்லாரும் ஏரிப் பூங்காவுக்குப் போவதாக ஏற்பாடு. முட்டி வலி என்று மனைவி வரவில்லை. மகள் உள்ளே குழந்தையின் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி சக்கரத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு, "தாத்தா, செவப்பு" என்று காட்டியது. மாஸ்டரும் பக்கத்தில் குந்தினார். "ஆமாடா கண்ணு, செவப்பு" என்று கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தொட்டார். ஆடுகிற பல் மாதிரி அது ஆடியது.

பிரேக் காலிப்பர் ஆடாது. ஆடக் கூடாது. மாஸ்டர் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் மூடி. ஓரத்தில் ஒட்டும் நாடா பிதுங்கிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தபோது, மூடிக்குப் பின்னால் துருவேறிய அதே பழைய சின்னக் காலிப்பர், அதே சின்னத் தட்டு, பெரிய சக்கரத்துக்குள் திருதிருவென்று விழித்தது.

நிமிர்ந்தால் மாப்பிள்ளை நிற்கிறார். முகத்தில் அசடு வழிகிறது.

"மாமா... சத்தம் போடாதீங்க."

"என்ன மாப்பிள்ள இது?"

"கடைக்காரன் ரெண்டும் சேர்ந்து வரும்னுதான் சொன்னான் மாமா. சக்கரம் வந்துடுச்சு. பிரேக் வரல. சின்னத் தட்டு வெளிய தெரிஞ்சா இவ கண்டுபிடிச்சிடுவாளேன்னு, அவன்தான் இந்த மூடிய மாட்டிவிட்டான். வந்ததும் மாத்திடுவேன். சத்தியமா."

"அதுவரைக்கும் இந்தச் சக்கரத்தக் கழட்டி வைக்கலாமில்ல?"

"கழட்டினா ஏன்னு கேப்பாளே மாமா. என்ன சொல்லுவேன்?" அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அவ போயிடுவா மாமா. இந்தத் தடவ நிஜமாவே போயிடுவா. நான் மெதுவாத்தான் ஓட்டறேன். நமக்குள்ளயே இருக்கட்டும்."

மாஸ்டருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையாகப் போய்விட்டார், இல்லையென்றால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பார். அதே சமயம் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆளைப் பிடித்துத்தான் இருந்தது அவருக்கு, அதுதான் தொல்லை. ஒரு வார்த்தை சொன்னால் மகள் குடும்பம் இன்றைக்கே, இந்த வாசலிலேயே இரண்டாகும். சொல்லாவிட்டால் வண்டியில் ஏறப் போவது அவளும் குழந்தையும். இப்படியும் போக முடியாமல் அப்படியும் போக முடியாமல் குந்திய இடத்தில் அப்படியே இருந்தார்.

கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். "இன்னிக்கு நான் ஓட்டறேன்."

"நான் ஓட்டறேன்மா" என்று மாஸ்டரும், "நானே ஓட்டறேனே" என்று மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் டாக்டரே ஓட்டச் சொல்லல. இவரு வரும்போதே ஓட்டியாச்சு. என்ன ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?"

"பஸ்ல போனா என்னம்மா? குழந்தைக்கு வேடிக்க காட்டலாம்."

"வாசல்ல காரை வெச்சிக்கிட்டு பஸ்ஸா? அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு?" சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "பிரேக்கப் பாத்தீங்க இல்ல? நல்லா இருக்கா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னல் பக்கம் மனைவியின் வளையல் சத்தம். மாஸ்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தேன்மா. நல்லா இருக்கு."

"அப்பா சொன்னா போதும்" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் குழந்தையும் பின்னால். தெருமுனை வளைவிலேயே மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. "ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் மகள். "தாத்தா, இந்தப் பக்கம் பெடல் இல்ல!" என்றது குழந்தை. மாப்பிள்ளையும் சிரித்தார், அழுகிற சிரிப்பு.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் ரோடு நீளமாகச் சரிந்து, கீழே லாரி போகிற பெரிய சாலையில் போய் முட்டும். மாஸ்டர் முன்னால் குனிந்து ரோட்டைப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடியே அமுக்கிக்கோம்மா."

"சரிங்க மாஸ்டர்."

"வெளயாட்டு இல்லம்மா. இப்பவே அமுக்கு. கியரக் கொற."

"அப்பா! நான் என்ன உங்ககிட்ட புதுசா படிக்க வந்த பிள்ளையா? சும்மா வாங்க."

உண்மையைச் சொன்னால்தான் அவள் கேட்பாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு எதைச் சொன்னாலும் அது பழைய பயந்தாங்கொள்ளி மாஸ்டரின் பேச்சு. கால் அழுத்தியது. பின்னால் கைதட்டல்.

மகள் வழக்கமாக மிதிக்கிற இடத்தில், சரிவில் நிற்கிற விளம்பரப் பலகைக்கு நேராக, பிரேக்கை மிதித்தாள். கார் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன்பாட்டுக்குப் போனது. இன்னும் அழுத்தினாள். சிரிப்பு நின்றது. சக்கரத்தில் கரகரவென்று எதுவோ உரசியது. "என்னது..." என்றவள் இருக்கையை விட்டு எழும்பிப் பெடல் மேல் நின்றாள். மாஸ்டர் இரண்டு காலாலும் தரையை மிதித்தார். மிதித்து மிதித்து, அடக் கடவுளே, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை இங்கே ஒரு பெடல் இருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு. கை ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் பிடித்து இழுத்தது.

கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பெரிய சாலைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. மணல் லாரி ஒன்று வளைத்து ஒதுங்கி, ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. அதன் காற்றில் கார் ஆடியது.

கருகிய நாற்றம் அடித்தது. மகள் வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம்கட்டி, இறங்கிப் போய் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். மாஸ்டரும் இறங்கினார். சிவப்பு மூடி சூட்டில் இளகி, ஒரு பக்கம் கழன்று கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. முந்தானையால் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. பின்னால் இருந்ததைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மாப்பிள்ளை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

மாஸ்டர் அவள் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். அதற்கு மேல் பதில் தேவைப்படவும் இல்லை.

"கையப் போட்டுப் பாத்திருப்பீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். "இவரு பொய் சொன்னா கிளம்பி உங்க வீட்டுக்கு வருவேன். நீங்களும் சொன்னா நான் எங்கப்பா போறது?"

உன் குடும்பம் உடையக் கூடாதென்றுதான் என்று சொல்லலாம். உடைந்தாலும் நீ உயிரோடு இருப்பாயே என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். வாசலில் அது தோன்றவில்லை, லாரி போன பிறகு தோன்றுகிறது. அவர் கையில் அந்தச் சிவப்பு மூடியைக் கொடுத்துவிட்டு அவள் போய் ஏறினாள். இன்னும் சூடாக இருந்தது. கீழே போடவும் மனம் வராமல் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டியைத் திருப்பி, முதல் கியரிலேயே மேட்டில் ஏற்றினாள். ஆள் நடக்கிற வேகம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாய் அவசரமே இல்லாமல் குறுக்கே போனது. மாஸ்டரின் கால் நீண்டு தரையை அழுத்தியது.

"தாத்தா, இந்தப் பக்கம் பெடல் இல்ல!" என்று குழந்தை கைதட்டியது. எல்லாரும் சிரிப்பதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு, யாருக்கும் கேட்கவில்லை போல என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னது.