சாயங்கால மருந்து

தெருவுக்குத் தெரு சாராயக் கடை இருந்த புதுச்சேரியில், சாராயத்தை விடுவதற்கென்று ஒரு வீடு திறந்தால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அங்கிருந்தும் ஆட்கள் இங்கேதான் குடிக்க வந்தார்கள். இருந்தும் 1957-ல், சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற சூசைநாதன், ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்து 'நல்வழி இல்லம்' என்று பலகை மாட்டினார். அவரே ஒரு காலத்தில் குடித்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர்தான். யாரிடமும் காசு வாங்குவதில்லை. மாதா கோயிலிலிருந்து அரிசி வந்தது. மார்க்கெட்டில் மிஞ்சிய மீன் வந்தது. ஒரே ஒரு கட்டளைதான்: உள்ளே இருக்கும்போது ஒரு சொட்டு தொட்டாலும் வெளியே போய்விட வேண்டும்.

மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்தவன் தெய்வசிகாமணி, வைத்திக்குப்பத்து மீனவன். கொண்டுவந்து விட்டவள் அவன் பெண்சாதி அஞ்சலாட்சி.

"பாதியில திரும்பி வந்தேன்னு வெய்யி, புள்ளைங்கள இட்டுக்கினு எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னால் செய்கிறவள்.

முதல் வாரம் அவனுக்குக் கைகால் நடுக்கம், வாந்தி. சோறு இறங்கவில்லை. சமையல் பார்த்த ரோசாம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்த நல்ல மனசுதான் வம்பு. நோயில் கிடந்து எழுந்தவர்களுக்குப் பிரான்சிலிருந்து வரும் தோனிக் ஒயினை, அதாவது சத்து மருந்தென்று விற்கும் திராட்சை மதுவை, ஊற்றிக் கொடுப்பது அந்த ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், காய்ச்சல்காரனுக்கும் அதுதான். அதைப் போய்ச் சாராயத்தோடு சேர்க்க யாருக்குத் தோன்றும்? மாதா கோயிலில் சாயங்கால ஜெபத்துக்கான திருந்தாதி மணி அடித்ததும் சின்னக் கிளாஸில் கொண்டுவந்தாள்.

"குடிப்பா. ஒடம்புல தெம்பு ஏறும்."

ஏறத்தான் செய்தது. கொஞ்ச நாளில் தெய்வசிகாமணி கிணற்றில் தண்ணீர் சேந்தினான், சிரித்துப் பேசினான். சூசைநாதன் வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டிப் பெருமைப்பட்டார். அவனுக்கு மட்டும் அதில் பெருமை இல்லை. மத்தியானமே அவன் காது மணிச் சத்தத்தைத் தேட ஆரம்பித்துவிடும். உண்மையைச் சொன்னால் வெளியே போக வேண்டும், அஞ்சலாட்சியும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மறுபடியும் பழைய குடிகாரன்தான். இந்த இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் மணி அடிக்குமுன்பே சூசைநாதன் எதிரில் போய் நின்றான். பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி, ஐயா என்பதற்கு 'முசியே' என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"முசியே, ரோசாம்மா குடுக்குறதும் சாராயந்தான்."

சூசைநாதன் சிரித்தார். "அது மருந்துப்பா. டாக்டரே எழுதித் தர்றாரு. நானே தெனம் சாப்புடுறேன்."

"மருந்துன்னா, எப்படா மணி அடிக்கும்னு மத்தியானத்துலேர்ந்து காத்துக்கினு கெடப்பேனா, முசியே? நான் கெளம்புறேன். அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், நல்லதுன்னு நெனச்சுதான் குடுத்துச்சு."

சூசைநாதனின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. அவர் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது. தெய்வசிகாமணி அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவரும் பார்த்தார்.

மெல்ல எழுந்தார். அலமாரியைத் திறந்து தன் தோனிக் புட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், வாழையடியில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானமா, ஆசையா? இரண்டும்தான் என்று தெய்வசிகாமணிக்குத் தெரியும். அவர் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"நீ எங்கயும் போவாத" என்றார் சூசைநாதன், திரும்பிப் பார்க்காமல். "நாளைக்கு இந்த நேரத்துக்கு எம் பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்."