காகிதத்தில் காட்டிய தூசி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று தப்பித்துக்கொள்ள எனக்கும் தெரியும். எழுதுகிறவர்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னால் இரண்டு பேர் தலையாட்டுவார்கள், ஒருவர் எலுமிச்சைத் தேநீர் வாங்கித் தருவார். நான் சொல்வது அந்த மாதிரிப் பொய் இல்லை. இராக்கின் பஸ்ராவில், அஷார் கடைத்தெருவில், என்னுடைய கணினிக் கடையில், ஒன்பது வருஷத்துக்கு முன் ஓர் அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். மூன்றே சொல்: "தூசிதான் காரணம், அம்மா."

அவர் உம்மு நிப்ராஸ். அதாவது நிப்ராஸின் தாய். எங்கள் ஊரில் தாய்க்குப் பிள்ளையின் பெயர்தான் பெயர். பிள்ளை பேச்சை நிறுத்திக்கொண்டாலும் அந்தப் பெயர் போகாது.

அவரிடம் உண்மையைச் சொல்வேனா, மாட்டேனா? கதை இவ்வளவுதான். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிற்பாடு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் வர வேண்டாம். என்மேல் ஏற்கெனவே நிறையப் புகார் இருக்கிறது.

2

தொடக்கங்கள்:

"புழுதிப்புயல் பஸ்ராவின்மீது செந்நிறத் திரையாக இறங்கிய அந்த மாலையில்—"

[நிறுத்தினேன். எங்கள் ஊர்ப் புழுதியைத் திரை என்று எழுதாத ஆள் பாக்கி இல்லை. தவிர, அன்று புயலே அடிக்கவில்லை.]

"மனித நினைவும் கணினியின் நினைவகமும் ஒன்றுதானோ என்று—"

[இதை எழுதிய கையை ஜன்னலில் வைத்து நசுக்க வேண்டும்.]

"அவர் கணினிப் பெட்டியைப் பூப்போட்ட படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்."

இது இருக்கட்டும். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

3

கடையில் நாங்கள் இரண்டு பேர். நான் மென்பொருள் போடுவேன். என் கூட்டாளி தஹ்சீன் பெட்டியைத் திறந்து, ப்ளோயரால் ஊதி, பெயின்ட் பிரஷால் ஃபேன் இறக்கைகளைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பான். அவன் வேலை கண்ணுக்குத் தெரியும், என் வேலை தெரியாது. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஊதி எடுத்த தூசியைக் கொட்ட மாட்டோம். பழைய செய்தித்தாளில் சேர்த்து மடித்து வைத்து, பெட்டிக்காரர் வந்ததும் பிரித்துக் காட்டுவோம். சிறுநீரகக் கல்லை எடுத்த டாக்டர் குப்பியில் போட்டுக் காட்டுவாரே, அந்த மாதிரி. "யா அல்லாஹ், இவ்வளவா!" என்பார்கள். அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.*

நிப்ராஸ் அப்போது முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஷத்துல் அரப் ஆற்றில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று மூன்று வருஷம், மாதத்துக்கு இரண்டு தடவை, படகில் போய் ஏழு இடத்தில் நீர் எடுத்து அளந்தவள். எண்களெல்லாம் கணினியில். அதன் நகல் பென் டிரைவில். அந்தப் பென் டிரைவில்தான் வைரஸ் ஏறி, அங்கிருந்து கணினிக்கும் பரவிவிட்டது. அம்மாவிடம் இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தாள். பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "விண்டோஸ் புதிதாகப் போடவும். டி-யைத் தொட வேண்டாம்."

டி என்பது ஹார்ட் டிஸ்க்கின் இரண்டாவது அறை. ஊரே தன் உயிரை அந்த அறையில்தான் வைத்திருக்கும். விண்டோஸ் குடியிருக்கிற முதல் அறையை மட்டும் நாங்கள் இடித்துக் கட்டுவோம்.

எல்லாம்தான் டி-யில் இருக்கிறதே என்று பென் டிரைவில் இருந்ததை முதலில் முழுதாக அழித்துத் துடைத்தேன். பிறகு நகல் வட்டை எடுத்தேன். எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் அது உண்டு. விண்டோஸும் கூடவே முப்பது மென்பொருளும் அதில் ஒரே கட்டியாக உறைந்திருக்கும். முறையாக நிறுவினால் ஒன்றரை மணி நேரம்; நகல் வட்டில் எட்டு நிமிடம். அது ஒரு கேள்விதான் கேட்கும்: டிஸ்க் முழுவதற்குமா, முதல் அறைக்கு மட்டுமா? இரண்டு வரியும் ஒன்றின்கீழ் ஒன்று. அரசு மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறுவதற்குள் முடிக்கிற அவசரம். அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தியிருக்க வேண்டும், அழுத்தவில்லை. "உறுதியா?" என்று கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வாயில் ஃபலாஃபல் இருந்தது. மென்றுகொண்டே ஆமாம் என்றேன்.

எட்டு நிமிடம் கழித்துத் திறந்தால் டி இல்லை. ஒரே அறை. புத்தம்புது வீடு, உள்ளே ஆள் இல்லை.

அழிந்ததை ஓரளவாவது மீட்டெடுக்கிற ஒருவர் பாக்தாதில் இருந்தார். அவரிடம் அனுப்புவதென்றால் என்ன நடந்தது என்று நிப்ராஸிடம் சொல்ல வேண்டும். ஆகவே பாக்தாத் ரொம்ப தூரம் என்று முடிவு செய்தேன்.

* ஒரு பெட்டியில் தூசி குறைவாக இருந்தால் பக்கத்துப் பெட்டியின் தூசியைக் கொஞ்சம் கலந்துகொள்வதும் உண்டு. இதை எழுதியதற்காக அடுத்த கடைக்காரர்கள் என் சலாமுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

4

"ஆயிடுச்சா மகனே? ஞாயித்துக்கிழமை பேராசிரியர்கிட்ட காட்டணும்னு பொண்ணு உயிரை வாங்குறா."

"உட்காருங்கம்மா."

"உட்கார்ற அளவுக்குக் காசு கேக்கப் போறியா? நின்னுக்கிட்டே கேட்டுக்கிறேன், சொல்லு."

"அதில்லம்மா. ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. உள்ள இருந்ததெல்லாம் போச்சு. தூசிதான் காரணம், அம்மா."

செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினேன். அதில் இருந்தது மூன்று பெட்டிகளின் தூசி. ஒன்று பேக்கரிக் கணினி.

அவர் குனிந்து பார்த்தார். "இவ்வளவும் எங்க வீட்டுதா? வெள்ளையா வேற இருக்கே."

"சுவத்துச் சுண்ணாம்பும்மா. உதிரும்ல."

"நான் தினம் தொடைக்கிறேனே மகனே."

"வெளியில தொடைச்சா மட்டும் போதாதும்மா. ஜன்னலைச் சாத்தி வைக்கணும்."

[இந்த ஒரு வரியைத்தான் ஒன்பது வருஷமாக அழிக்கப் பார்க்கிறேன். அவர் கேட்கவே இல்லை; நானாகச் சொன்னது. அழிப்பதில் எனக்கு இருக்கும் கைத்தேர்ச்சிக்கு இது போயிருக்க வேண்டும்.]

புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் ஏந்தி, என் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுள் கேட்டார். "செத்துப்போன" பழைய டிஸ்க்கை அடுத்த வாரம் ஒரு பல் டாக்டரின் கணினியில் மாட்டினேன். இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

5

வீட்டில் நிப்ராஸ் கேட்டது ஒரே கேள்வியாம்: "ஜன்னலைத் தெறந்தது யாரு?"

காலக்கெடு முடிந்தது. மூன்று வருஷத்து ஆற்றை மறுபடி அளக்க முடியாது. ஆய்வை விட்டாள். நாசிரியாவில் கட்டிக் கொடுத்தார்கள். வருஷத்தில் இரண்டு பெருநாளுக்கும் அம்மாவிடம் தலா ஒரு நிமிடம் பேசுவாள். "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்." உம்மு நிப்ராஸ் அதற்குப் பிறகு வீட்டில் ஜன்னலே திறந்ததில்லை. பஸ்ராவின் ஐம்பது டிகிரி ஜூலையில்.

முதல் வரைவில் நிப்ராஸைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். அம்மாவைத் திட்டுகிறாள், தட்டை வீசுகிறாள். எழுதும்போது எனக்கே இதமாக இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. நீக்கிவிட்டேன். அவள் வீசிய தட்டு எதுவும் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு விடை என் கடையில் இருந்தது.

அதே வரைவில் பொய்யைத் தஹ்சீன் வாயில் வைத்திருந்தேன். கதைசொல்லி பாவம், பக்கத்தில் நின்று வேதனைப்படுவான். தஹ்சீன் எண்ணெய்க் கையோடு அதைப் படித்தான்.

"ஏன்டா கஸ்வான், பொய் சொன்னது நீ. இதுல நானா சொல்றேன்?"

"கதைக்கு அப்படி இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

"கதைக்கு நல்லா இருக்கும், எம் பொண்டாட்டி படிச்சா எனக்கு நல்லா இருக்காது. போதாததுக்குக் குண்டன்னு வேற எழுதியிருக்க."

"நீ குண்டுதானடா."

"குண்டா இருந்துட்டுப் போறேன். பொய்யனா இருக்க என்னால ஆகாது. அந்த எடத்துக்கு நீயே போ."

போனேன். நீங்கள் நாலாம் பகுதியில் பார்த்தது திருத்திய பிரதி.

6

ஒன்பது வருஷமாக, ஒவ்வொரு புழுதிப்புயலுக்கும் மறுநாள் உம்மு நிப்ராஸ் வருவார். அதே பூப்போட்ட விரிப்பு, உள்ளே அதே பெட்டி. வீட்டில் அதை இயக்க ஆள் இல்லை. யாரும் தொடாத கணினியை ஊதிச் சுத்தம் செய்யக் கொண்டு வருவார். நான் காசு வாங்க மாட்டேன். "தங்கமான பிள்ளை" என்று தெருவில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த ஏப்ரலிலும் வந்தார். தஹ்சீன் ஊதினான். காற்றுதான் வந்தது.

"எங்க?" என்றார்.

"எதும்மா?" என்றேன் நான்.

"தூசி. காகிதத்துல காட்டு."

"ஒண்ணும் வரலையேம்மா. நீங்கதான் இப்படிப் பாத்துக்கறீங்களே."

"அப்பவும் இப்படித்தான் பாத்துக்கிட்டேன்." பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். "ஒம்பது வருஷமா பாக்கிறேன், ஒரு சிட்டிகை வரல. அன்னைக்கு மட்டும் அவ்வளவு எங்கேர்ந்து வந்துச்சு? வெள்ளையா?"

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் உடைந்து அழுகிறேன். அவர் என் தலையில் கை வைக்கிறார். [கண்ணீரை நான் விட்டு, மன்னிப்பை அவரிடம் பிடுங்குகிற ஏற்பாடு. வெட்டினேன்.]

(ஆ) மின்சாரம் போய்விடுகிறது. பேச்சு மாறிவிடுகிறது. [எல்லாரும் நம்புவார்கள். எங்கள் ஊர் மின்சாரம் எந்தக் கதாசிரியனையும் கைவிட்டதில்லை. ஆனால் அன்று பார்த்து அது இருந்தது.]

(இ) நடந்தது. தஹ்சீன் ப்ளோயரை அணைத்தான். என்னைப் பார்க்காமல், தேநீர் சொல்வதற்கென்று வெளியே போனான்.

"அது பேக்கரி மாவும்மா," என்றேன். அங்கிருந்து ஆரம்பித்தால் மீதியும் வந்துவிட்டது. வட்டு, அம்புக்குறி, பென் டிரைவ், எல்லாம்.

7

அவர் விரிப்பின் முனையை இழுத்துப் பெட்டியை மூடினார். பிறகு கேட்டார்.

"அப்போ ஜன்னல்?"

"ஜன்னலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"காகிதம் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"எழுது. நான் சொன்னா நம்ப மாட்டா. அம்மா தன் தப்ப மறைக்கக் கதை கட்டுறான்னு நெனைப்பா. நீ எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினேன். 'மதிப்பிற்குரிய சகோதரி நிப்ராஸுக்கு, விதியின் கொடிய கரங்களால்—'

படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"யாரு அந்த விதி? உன் கடையில வேலை பாத்தானா?"

அடித்தேன். 'வெட்கத்தால் தலைகுனிந்து இதை—'

"உன் தலை எப்படி இருந்துச்சுன்னு அவளுக்கு எதுக்கு? என்ன பண்ணேன்னு எழுது."

'அன்று மின்சாரம் போகிற நேரமாக—'

"அதையும் எடு."

என் கதைகளை இதுவரை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இப்படித் திருத்தியதில்லை. திருத்தியிருந்தால் நான் தேறியிருப்பேன். கடைசியில் மிஞ்சியது இது:

"நிப்ராஸுக்கு. உன் ஹார்ட் டிஸ்க் தூசியால் கெடவில்லை. அது கெடவே இல்லை. விண்டோஸ் போடும்போது டிஸ்க் முழுவதையும் அழித்தது நான். பென் டிரைவைத் துடைத்ததும் நான். உன் அம்மாவிடம் காட்டிய தூசி உங்கள் வீட்டுத் தூசி இல்லை. ஜன்னலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கஸ்வான்."

"அப்பா பேரும் போடு. ஊர்ல ஆயிரம் கஸ்வான்."

போட்டேன். கைரேகையும் கேட்டார். மை இல்லை என்றேன். மேசையில் இருந்த பிரிண்டர் மைக்குப்பியை அவரே எடுத்து நீட்டினார். அந்தக் கறுப்பு பெருவிரலிலிருந்து போக ஒரு வாரம் ஆனது.

"மன்னிச்சிடுங்கம்மா."

"அவளக் கேளு," என்றார். காகிதத்தை நாலாக மடித்து அபாயாவுக்குள் வைத்தார். வாசலில் தஹ்சீன் தேநீரோடு நின்றான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மா, பெட்டி..."

"இனிமே நீ தொடை."

8

அதற்குப் பிறகு இரண்டு புயல் அடித்தது. அவர் வரவில்லை.

நிப்ராஸ் அந்தக் காகிதத்தைப் படித்தாளா, அம்மாவைக் கூப்பிட்டாளா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்தான். ஒரு முடிவு எழுதியும் வைத்திருந்தேன். நாசிரியாவில் ஒரு கதவு, வாசலில் உம்மு நிப்ராஸ், உள்ளேயிருந்து நடந்து வரும் காலடிச் சத்தம். நன்றாகவே வந்திருந்தது, தஹ்சீன் கூட மூக்கை உறிஞ்சினான். நீக்கிவிட்டேன்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாததால் நீக்கினேன் என்பதல்ல. நேற்று காலை கடைக்கு ஒரு தொலைபேசி வந்தது. நாசிரியா எண். எடுத்தேன். யார், என்ன பேசினார், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இந்தக் கதைக்கு அபாரமான கடைசிப் பத்தியாக இருந்திருக்கும்.

அவளுடைய மூன்று வருஷத்தின்மேல் ஒரு தடவை என் நகலை ஏற்றியிருக்கிறேன். இது அவளுடைய ஒன்பது வருஷம், அவள் அம்மாவுடைய ஒன்பது வருஷம். என்ன ஆனது என்பதை எழுதுவதானால் அவள் எழுதட்டும். உங்களுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாகவே வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். அதை அவளுடையது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.